"அந்த நம்பரை எடுத்துடுங்க அக்கா"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 19 வருடமாகத் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா என்று எல்லாம் அடித்துக் கொடுத்தாலும், ஜூலையில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை என் கடையை நிரப்புகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். கட்டுரைப் போட்டி, ப்ராஜெக்ட், அசைன்மென்ட் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இப்போது பெரும்பாலும் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே எடுத்திருந்தால் திறந்தவுடனே தெரிந்துவிடும். பாதிப் பத்திக்குப் பின்னால் சாம்பல் நிறம் படர்ந்திருக்கும். சில சொற்கள் நீலமாக இருக்கும். வரி முடிகிற இடத்தில் சதுர அடைப்புக்குள் 1, 2, 3 என்று சின்னச் சின்ன எண்கள் நிற்கும். பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, "அந்த நம்பரை மட்டும் எடுத்துடுங்க அக்கா" என்று சொல்லும். நானும் பல வருடம் ஒன்றும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செய்தி எந்தப் புத்தகத்தில், எந்த நாளிதழில் இருந்தது என்று காட்டுவதே அந்த எண்தான். அதை அழித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் "ஆதாரம்: கூகுள்" என்று அடிக்கச் சொல்கிறார்கள். கூகுள் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை அவரேதான் எழுதினார் என்று சொல்வோமா?

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'தானே' என்ற புயலைப் பற்றிய கட்டுரையோடு வந்தாள். 2011 டிசம்பர் 30 அன்று நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அதே புயல். காற்றின் வேகம் ஓரிடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் என்றும், இன்னோரிடத்தில் 165 என்றும் இருந்தது. எதைப் போடுவது என்று என்னிடம் கேட்டாள். ஏதாவது ஒன்றைப் போடும்மா, நேரமாகிறது என்றேன். அவள் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாள். அப்புறம் வந்து விளக்கினாள். இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியில் வேகத்தைக் கணக்கிடுகிறது, அமெரிக்காவின் புயல் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரியில் கணக்கிடுகிறது, அதனால்தான் எண் மாறுகிறது, இரண்டுமே தப்பில்லை என்றாள். யார் சொன்ன எண் எது என்று இரண்டையும் எழுதச் சொன்னாள். ஆதாரம் எழுதுவது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது.

இன்னொன்றும் கேட்டாள். அவள் பாட்டிக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. புயலடித்த அன்று விடியற்காலையில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பற்றிப் பாட்டி சொன்னதைக் கட்டுரையில் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கட்டுரையிலேயே நல்ல இடம் அதுதான். "பாட்டி சொன்னதைப் போடலாமா, அதற்கு என்ன ஆதாரம் எழுதுவது?" என்றாள். பாட்டியின் பெயர், ஊர், நேரில் பேசிய தேதி மூன்றையும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

அந்தக் கட்டுரையைப் போட்டியில் எடுத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பில் "4 பக்கங்களுக்கு மிகாமல்" என்று மட்டும் இருந்தது. கட்டுரை சரியாக 4 பக்கம். ஆதாரப் பட்டியல் ஐந்தாவது பக்கத்துக்குப் போய்விட்டது. பக்கம் கூடிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். அதே போட்டிக்கு இன்னொரு பிள்ளையின் கட்டுரையையும் நான்தான் அடித்தேன். 10 புள்ளி அளவில் சின்ன எழுத்து, நெருக்கமான வரி, ஓரமே இல்லாத பக்கம். அளவுக்குள் நிற்க வேண்டும் என்று நானே அப்படி அமைத்தேன். அதில் ஓர் ஆதாரமும் கிடையாது. அது ஏற்கப்பட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தேன் என்று ஒழுங்காக எழுதியவள்தான் வெளியே போனாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் இதற்காகவே கேட்கிறேன். பக்கக் கணக்கு வேண்டாம், சொற்கணக்கு கொடுங்கள். ஒரே கட்டுரை 10 புள்ளியில் 3 பக்கத்துக்குள் அடங்கும், 14 புள்ளியில் 5 பக்கத்தைத் தாண்டும். தமிழில் எழுத்துரு மாறினாலே பக்கம் கூடும், குறையும். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, ஓரம் எவ்வளவு விட வேண்டும், யூனிகோடில் வேண்டுமா என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். யூனிகோடில் அடித்ததைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்து குழம்பிப்போய், பிள்ளைகள் கடைசி நாள் சாயங்காலம் கண் கலங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆதாரப் பட்டியல் கணக்கில் சேராது என்ற ஒரு வரியைக் கட்டாயம் போடுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வகுப்பில் 40, 50 நோட்டு திருத்தும் ஆசிரியர்களின் பாடு எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது கலர் அட்டை, பூ பார்டர், ஸ்பைரல் பைண்டிங். அதற்குத்தான் மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் 150 ரூபாய் வாங்கி வருகிறார்கள். ஆதாரம் எழுத ஒரு பைசா செலவில்லை. புத்தகம் என்றால் ஆசிரியர், நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இணையம் என்றால் எழுதியவர், தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி, பார்த்த தேதி. இதை ஒரு பீரியடில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் குடும்பப் பெயரை முதலில் எழுதும் வழக்கத்தைப் பார்த்து, தமிழ்ப் பெயரிலும் இனிஷியலை முன்னால் போட்டுக் காற்புள்ளி வைக்கிறார்கள். நம் பெயரில் குடும்பப் பெயர் ஏது? "சாமிநாதையர், உ.வே." என்று பெயரை முன்னாலும் இனிஷியலைப் பின்னாலும் எழுதினால், அகர வரிசையில் தேடக் கிடைக்கும். இதை யாராவது சொன்னால்தானே பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். தொல்காப்பியத்தைத் திறந்தால் "என்ப", "என்மனார் புலவர்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னது இது என்று அதை எழுதியவரே சொல்லிவிடுகிறார். மேற்கோள் என்ற சொல்லே நம்முடையது. ஆனால் மார்ச் 8 வந்தால் போதும், "மங்கையராகப் பிறப்பதற்கே" என்ற வரியைப் பாரதியார் பெயரில் அடிக்கச் சொல்லி வருடம் தவறாமல் நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். அது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதியது. நான் சொன்னால், "நெட்ல அப்படித்தான்க்கா இருக்கு" என்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எழுதும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

நம் ஊர் வரலாற்றை எழுதுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய நூல்களில் கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது, தென்னாற்காடு என்றுதான் இருக்கும். தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பற்றி எழுத வந்த ஒரு பையனுக்கு, 1906இல் வந்த தென்னாற்காடு கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூலைப் பற்றி நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தான். பக்க எண்ணை மட்டும் எழுத மறந்துவிட்டான். அதற்காக மறுபடியும் பஸ் ஏறிப் போனான். அந்தப் பட்டியலில் அந்த ஒரு வரியை அடிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கான பக்கத்தில் ஒரே ஒருநாள், ஒரு மாதிரிக் கட்டுரையின் முதல் பக்கத்தையும் அதன் ஆதாரப் பட்டியலையும் தமிழிலேயே அச்சிட்டுக் காட்டுங்கள். புத்தகம், நாளிதழ், இணையதளம், நேரில் கேட்டது என்று நான்குக்கும் ஒவ்வோர் உதாரணம் இருந்தால் போதும். அதைக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். கேட்கிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். நம்பரை எடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம், இப்போதெல்லாம் முதலில் அந்த நம்பரைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.