மேயப்போவது மாடா, குதிரையா என்று முதலில் கேளுங்கள்
மேய்ச்சல் நிலத்துக்கு யோசனை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குதிரையும் மட்டக்குதிரையும் வளர்க்கிறவர்கள் உங்களிடம் வரும்போது நிலம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாதி சொட்டை, பாதி களை, மிச்சத்தில் சாணம். நீங்களும் நல்ல மனதோடு சொல்கிறீர்கள்: உழுதுவிடுங்கள், தழைச்சத்து போடுங்கள், நல்ல விளைச்சல் தரும் தீவனப்புல்லை விதையுங்கள். மாட்டுக்கு இது சரி. குதிரைக்கு இதுவே வினையாகிவிடுகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

ஓர் ஆலோசகர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். புல் தளதளவென்று வந்தது. என் மட்டக்குதிரையை ஆசையாக அவிழ்த்துவிட்டேன். சில நாள் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டும் அது வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்புப் பாரத்தைப் பின்னால் சாய்த்து, அசையாமல் நின்றது. குளம்பைத் தொட்டேன், சுட்டது. அதற்கு மேலே கணுக்காலின் பின்புறம் விரல் வைத்தால் நாடி துள்ளியது. குளம்பழற்சி. குளம்பு ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் திசு தளர்ந்துபோகிற நோய். முற்றினால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும். செழித்த புல்லோடு அளவுக்கு மீறி உள்ளே போன சர்க்கரைதான் காரணம். மட்டக்குதிரையின் உடம்பு காய்ந்த, முரட்டுப் புல்லை வைத்தே பிழைக்கப் பழகியது. நாம் கொடுத்த விருந்தை அதனால் தாங்க முடியவில்லை.

அதற்காக நிலத்தை மொட்டையாகவே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒட்ட மேயப்பட்டு வாடிக்கிடக்கும் புல்லும் அடித்தண்டில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். தீவனம் குறைந்தால் குதிரை மற்ற நேரத்தில் ஒதுக்கும் நச்சுச்செடியையும் கடிக்கத் தொடங்கும். நிலத்தைச் சீர்செய்யத்தான் வேண்டும். குதிரையை மனதில் வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் புல் என்பதைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்லுங்கள். கொழுக்கட்டைப்புல், செட்டேரியா, கிக்குயு போன்ற வெப்பநிலப் புற்களில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த இரைப்பையே கிடையாது. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட, உடம்பு அதை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் அதையே மேய்ந்தால் குதிரை நொண்டும், முகவெலும்பு வீங்கும். பசுந்தாள் உரத்துக்குக் கிலுகிலுப்பைச் செடியைச் சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து குதிரை நிலத்துக்கு வேண்டாம். அது ஈரலை அரித்துவிடும், காயவைத்தாலும் நஞ்சு போகாது. களைக்கொல்லி அடித்து வாடிய நச்சுச்செடி இன்னும் ஆபத்து, ஏனென்றால் வாடியதும் அதன் கசப்பு குறைந்து குதிரை விரும்பித் தின்னும். வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோன பிறகே குதிரையை விடச் சொல்லுங்கள்.

உரத்துக்கு முன்னால் மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் பெரும்பாலான புல்லுக்குப் போதும். பல நேரம் குறை தழைச்சத்தில் இருக்காது, சுண்ணாம்பிலோ மணிச்சத்திலோ சாம்பல்சத்திலோதான் இருக்கும். எதைப் போட்டாலும் நல்ல மழை பெய்து குருணை மண்ணுக்குள் இறங்கும்வரை குதிரை வெளியே இருக்கட்டும். கோழி எரு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் செத்த கோழியின் மிச்சம் கிடந்தால் தசைகளை முடக்கிப்போடும் பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரும், குதிரை அதற்குச் சீக்கிரம் பலியாகும்.

அப்புறம் பல் விஷயம். மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் இல்லை, நாக்கால் சுருட்டி இழுக்கும். குதிரைக்கு இரண்டு வரிசையும் உண்டு, தரையோடு நறுக்கிவிடும். அதனால் ஓய்வு கொடுக்காத நிலத்தில் எவ்வளவு நல்ல விதை போட்டும் பயனில்லை. ஒரு சாண் உயரம் வந்த பிறகு விட்டு, நான்கு விரல் உயரம் ஆனதும் அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும். புதிதாக விதைத்த இடத்தில் ஒரு பிடி புல்லைப் பற்றி, குதிரை இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வேரோடு கையில் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

சாணத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது அள்ளினால் புழுத்தொல்லை பாதியிலேயே அடங்கும். குதிரை சாணம் போட்ட இடத்தை ஒதுக்கி மற்ற இடத்தையே திரும்பத் திரும்ப மேயும், சொட்டை விழுவதும் அப்படித்தான். பின்னாலேயே மாடோ ஆடோ விட்டால் குதிரை ஒதுக்கிய புல்லை அவை தின்றுவிடும். குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் குடலில் பிழைக்காது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விதை மூட்டையிலும் உரப் பரிந்துரைச் சீட்டிலும் குதிரைக்கென்று ஒரு வரி எழுதுங்கள். என் மட்டக்குதிரை இன்று நடக்கிறது. ஆனால் புல் துளிர்க்கிற நாட்களில் வாய்க்கூடை கட்டித்தான் அதை வெளியே விடுகிறேன். ஒவ்வொரு காலையும் முதலில் குளம்பைத் தொட்டுப் பார்க்கிறேன்.