பாட்டை எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்தில் இசைக்குழுக்காரர்கள் 'சின்ன மாமியே' பாட்டை எடுத்தார்கள். மண்டபமே எழும்பி ஆடியது, தடியூன்றி வந்த ஒரு ஐயா உட்பட. ஆனால் பாட்டு தொடங்க முன்னர் மைக் பிடித்த தம்பி சொன்னது, "அடுத்து எங்கட யாழ்ப்பாணத்து நாட்டார் பாட்டு ஒன்று" என்று. எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அது நாட்டார் பாட்டு இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடியவர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் கடைசியில் வந்த பாட்டு. அந்தக் காலத்தில் இங்கே இளம் ஆட்களின் காதில் விழுந்துகொண்டிருந்தது கரீபியன் தீவுகளின் கலிப்சோவும் எங்கள் நாட்டு ஆட்டப் பாட்டான பைலாவும். போர்த்துக்கேயர் காலத்தோடு வந்து, இங்கே இருந்த ஆபிரிக்க வம்சாவளி மக்களின் தாளத்தோடு கலந்து, பிறகு பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் போன்றவர்களின் கையால் சிங்களப் பாட்டாகிய அந்தப் பைலாத் துள்ளலை எடுத்து, வீட்டு முற்றத்தில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழை அதன்மேல் வைத்தார் நித்தி. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டும் அவருடையதுதான். புத்தி சொல்கிற பாட்டு, ஆனால் கேட்டவுடன் கால் தாளம் போடும். சினிமாவை நம்பியிராமல், தன் ஊரின் பேச்சை வைத்தே ஒருவர் பாட்டுக் கட்டலாம் என்பதற்கு எங்களிடம் இதைவிடப் பெரிய சாட்சி எது?

இலங்கைப் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பிரபலமாக்கிய 'சுராங்கனி' கதையும் இப்படித்தான். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது வந்தது, தமிழ்நாடெங்கும் ஒலித்தது, நல்ல விஷயம். ஆனால் இன்றைக்கு இங்குள்ள பிள்ளைகளே அதை சினிமாவில் பிறந்த பாட்டு என்று நினைக்கிறார்கள். சிங்களப் பக்கத்தில் பொப் பாட்டுக் கலைஞர் கிளாரன்ஸ் விஜேவர்தன 1996இல் இறந்துவிட்டார், ஆனாலும் அவர் பாட்டைப் பாடுகிற எந்த மேடையிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள், நான் பல இடத்தில் கேட்டிருக்கிறேன்.

நான் இவ்வளவு கோபமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. தங்கையின் மகள், என் பெறாமகள், பாட்டு எழுதுகிறாள். கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தி, அலுமாரியைத் திறந்து வைத்து, உடுப்புகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பாடுவாள், எதிரொலி வராமல் இருக்க. வியர்த்து ஒழுகும். நல்ல இடத்தில் ரயில் வந்துவிடும். சரி என்று நிறுத்தி, அது தெஹிவளைப் பக்கம் போய்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து. அப்படி ஏழெட்டு இரவுகள் உட்கார்ந்து செய்த பாட்டு, காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றியது. கொண்டக்டர் சிங்களத்தில் கூப்பிடுவதும் பின் சீற்றில் அம்மா தமிழில் அதட்டுவதும் அதில் ஒன்றாக வரும். ஓரிடத்தில் பைலா தாளம் தலைகாட்டும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், "அம்மப்பாட றேடியோ, பெரியம்மா, வேற எங்க?" என்றாள்.

அந்தப் பாட்டை ஒரு தனியார் வானொலி எடுத்துப் போட்டது. நாங்கள் எல்லோரும் றேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாட்டு வந்தது, முடிந்தது, விளம்பரம் தொடங்கியது. பெயர் இல்லை. கேட்டபோது, "எழுதின ஆட்களின் பெயரெல்லாம் சொல்ல நேரமில்லை, பாட்டுப் போனதே பெரிய விஷயம் தங்கச்சி" என்று பதில் வந்தது. பிள்ளை ஒன்றும் பேசாமல் கிற்றாரை உறைக்குள் வைத்தாள்.

நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று சொல்லிவிட்டுத்தான் அறிவிப்பாளர்கள் பாட்டைப் போடுவார்கள், பத்து விநாடிகூட ஆகாது. எங்கள் வீட்டில் அப்பா அதைக் கேட்டே கவிஞர்களின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். அதோடு சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது இயன்றவரை அதை ஆக்கியவர் பெயரைக் குறிப்பிடவேண்டும். பாட்டின் பண உரிமையை அவர் வேறொருவருக்கு விற்றிருந்தாலும் இந்த உரிமை அவரிடமே இருக்கும்.

வெளியில் பாருங்கள். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பெண், இரவல் வாங்கிய ஒரு சிறிய தாளக்கருவியில் பாட்டுக் கட்டத் தொடங்கியவர். அப்பாவின் பெயரில் 2005இல் முதல் அல்பம், அம்மாவின் பெயரில் 2007இல் அடுத்தது. அந்த இரண்டாவதில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில், தி கிளாஷ் என்ற ஆங்கிலக் குழுவின் பழைய பாட்டொன்றின் இசைத்துண்டை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதற்காக அந்தக் குழுவினர் நால்வரின் பெயரும் எழுதியவர்கள் வரிசையில் இருக்கிறது. அங்கே ஒரு துண்டுக்கு நாலு பெயர். இங்கே முழுப் பாட்டையும் எழுதியவருக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லையே.

உங்கள் பத்திரிகையின் இசைப் பக்கத்தை ஞாயிறு காலையில் முதலில் திறக்கிற வாசகி நான். பெரும்பாலும் சென்னைச் சினிமாச் செய்திதான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. இங்கே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், ஹற்றனிலும் மட்டக்களப்பிலும் சொந்தமாகப் பாட்டு எழுதுகிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கால் பக்கம் கொடுங்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று பெயர்களை முழுதாகப் போடுங்கள்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் எங்கள் சொந்தத்தில் இன்னொரு கல்யாணம், அதே இசைக்குழுவைத்தான் பிடித்திருக்கிறார்கள். நித்தி கனகரத்தினம் என்று பெரிய எழுத்தில் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டு தொடங்க முன்னரே போய் அந்தத் தம்பியின் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்
கொழும்பு 6