ரூபாயோடு கிலோவையும் எழுதுங்கள்

இலங்கையின் தேயிலை வளர்ப்பு, உற்பத்தித் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் தலைவருக்கும், முதலாளிமார், தொழிலாளர் தரப்பு அங்கத்தவர்களுக்கும்

வணக்கம்.

நீங்கள் கூடும்போதெல்லாம் மேசையில் இருப்பது ஒரே கேள்வி: நாட்சம்பளம் எவ்வளவு? தோட்டத்திலோ சம்பளம் முடிவாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்துத் தராசில். தோட்டம் கேட்ட கிலோவை எடுத்து அன்றைக்குப் பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்ததா, குறைந்து அரைப்பேரா (பாதிச் சம்பளம்) என்பதுதான் அங்கே கணக்கு.

2024 செப்டெம்பர் வர்த்தமானியின் 1350 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். பேருக்கு 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் கிலோவுக்கு 75 ரூபாய் விழுகிறது. அதற்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு 50 ரூபாய்தான். களைத்த கை பறிக்கும் கொழுந்துக்கு விலை குறைவு என்பது விசித்திரமான நியாயம்; அது இருக்கட்டும். 22 கிலோ எடுப்பவருக்கு அன்று 1550 ரூபாய். பேருக்கான அளவைத் தோட்டம் 20 ஆக்கினால் அதே கொழுந்துக்கு 1450. 18 மட்டுமே எடுக்க முடிந்தவருக்கு அரைப்பேர், 675. வர்த்தமானியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இது கற்பனைப் பயமல்ல. 2021 மார்ச்சில் 900 அடிப்படையும் 100 வரவுசெலவுத் திட்டப் படியுமாக 1000 ரூபாய் வந்தபின், பல தோட்டங்களில் தகராறு கிலோவைப் பற்றித்தான் நடந்தது.

தராசடிக்கு வாருங்கள். ஒரு நாளில் மூன்று நிறுவை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ கழித்தால் மாலைக்குள் மூன்று கிலோ. 20 கிலோ பறித்தவரின் பெயருக்கு நேரே 17 விழுகிறது. பேருக்கு 18 கேட்கும் தோட்டத்தில் ஒரு கிலோ குறைவு, கையை விட்டுப் போவது 675 ரூபாய். வெறும் சாக்கை நிறுத்து அந்த எடையை மட்டும் கழிப்பதும், மொத்த நிறையும் கழிவும் எழுதிய துண்டை அங்கேயே கையில் கொடுப்பதும் பெரிய செலவில்லை. உங்கள் தீர்மானத்தில் இரண்டு வரி போதும்.

கிலோ அளவும் ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக இருக்க முடியாது. செடிகளைக் கவ்வாத்து வெட்டி மீண்டு வரும் மலையும் நல்ல கொழுந்து மலையும் ஒன்றல்ல. வரட்சி மாதங்களில் செடியில் இல்லாததை யாரும் பறிக்க முடியாது. அன்றைய மலைக்கு எத்தனை கிலோ என்பதைக் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டிலேயே அறிவிக்க வேண்டும். மாலையில் நிறுத்த பிறகு சொல்லும் அளவு செல்லாது என்று எழுதுங்கள். நேரக் கூலியோடு துண்டு வேலைக் கூலியையும் நிர்ணயிக்க 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது காலம். தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் செய்த கூட்டு ஒப்பந்தம் இருந்தவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேச்சு என்றாவது ஒரு கணக்கு இருந்தது. சபையின் கைக்கு வந்தபின் 1000 ரூபாய் 1350 ஆக மூன்றரை ஆண்டு ஆனது. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2024இல் முதலாளிமார் தரப்பு வராமல் கூட்டங்கள் தள்ளிப்போயின. மே மாதம் வந்த 1700 ரூபாய் வர்த்தமானியை ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஒவ்வொரு தீர்மானத்திலும் அடுத்த மீளாய்வுத் திகதியை அச்சிடுங்கள். சுட்டெண் குறித்த அளவைத் தாண்டினால் அதற்கு முன்பே கூட வேண்டும் என்பதையும் சேருங்கள். ஆட்சேபனைகளை ஏற்றதற்கும் தள்ளியதற்கும் காரணத்தை எழுத்தில் வைத்தால் நீதிமன்றத்தில் தீர்மானம் எளிதில் சாயாது.

சம்பளத்தை உடைத்து ஒரு பகுதிக்கு "ஊக்குவிப்பு" என்று பெயர் வைக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். உதாரணமாக 350 ரூபாய் அப்படிப் பிரிந்து, தொழிலாளரின் சேமிப்பான ஊழியர் சேமலாப, நம்பிக்கை நிதிக் கணக்குக்கு வெளியே நின்றால், முதலாளி கட்ட வேண்டிய 12, 3 சதவீதங்களில் நாளுக்கு 52 ரூபாய் 50 சதம் காணாமல் போகிறது.

2026 வரவுசெலவுத் திட்டம் 1550 ரூபாய் சம்பளத்தையும், அரசு தரும் 200 ரூபாய் வருகை ஊக்குவிப்பையும் அறிவித்தது. அரைப்பேர் விழுந்த நாள் வருகை நாளா, இல்லையா? செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதுபவர் இதைத் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யாதபடி உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டச் சம்பளக் கணக்குப் பார்ப்போர் சிலர்