முன்னறிவிப்பை வெட்டிவிட்டார்கள்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

இப்போது எழுதக் காரணம் பாஸ்கர். ஆமாம், மறுபடியும் அவன்தான்.

நம் தலைவரை வைத்து மூன்று நிமிட ஆடியோ ஒன்று செய்தோம். பெயர் வேண்டாம், போன வாரம் சொன்னதை இந்த வாரம் நான் சொல்லவே இல்லை என்பாரே, அவர்தான். அவர் வானிலை அறிக்கை வாசித்தால் எப்படி இருக்கும்? மழை பெய்தால் என் ஆட்சி, பெய்யாவிட்டால் போன ஆட்சி. எழுத்து என்னுடையது, குரல் பாஸ்கருடையது.

பையன் அசத்திவிட்டான்டா. துணி அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசினான், எதிரொலி வரக்கூடாதென்று. 'பெருமக்களே' என்று ஆரம்பித்ததும் 'பெ' மைக்கில் குண்டு போல் வெடித்தது. மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வைத்த பிறகு சரியானது. எடிட் பண்ணும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று மூச்சுச் சத்தத்தையெல்லாம் நான் வெட்டினேன். கேட்டால் உயிரே இல்லை. புரட்டிப் பேசுவதற்கு முன்னால் அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், கவனித்திருக்கிறாயா? அதைத் திரும்ப ஒட்டியதும் ஆள் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். 'இது கற்பனை, குரல் மிமிக்ரி' என்று தொடக்கத்திலேயே முன்னறிவிப்பு கொடுத்திருந்தோம். வியாழக்கிழமை சித்தப்பா எனக்கே ஒரு துண்டை அனுப்பினார். இருபது விநாடி. முன்னறிவிப்பு இல்லை, வானிலை இசை இல்லை. யாரோ நடுவிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். 'நிவாரணம் கேட்பவர்கள் முதலில் நனைந்ததற்கு ஆதாரம் காட்டட்டும்' என்ற வரி மட்டும். கீழே சித்தப்பா கொதித்துப்போய் எழுதியிருந்தார்: 'இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?'

உடனே போன் பண்ணி, அது நான் எழுதியது சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: 'சரி விடு, சொல்லக்கூடிய ஆள்தானே.'

அன்று இரவு தூக்கம் வரவில்லை சேகர். தலைவர் அதைச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே சொன்னவை எத்தனை இருக்கின்றன! இனி அவற்றைக் காட்டினாலும், 'அதுவும் மிமிக்ரிதான்' என்று தட்டிவிட்டுப் போகலாம். அந்த வழியை நாமே திறந்துவிட்டோம்.

பாஸ்கர் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கிறவனுக்கு மூளை இல்லையா என்கிறான். ஜெர்ரி ஃபால்வெல் வழக்கை இழுத்தான். அந்த மதபோதகரைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகை போலி விளம்பரம் போட, அவர் வழக்குத் தொடுத்தார். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் நின்றது. உண்மைதான். ஆனால் அதை நிஜமென்று யாரும் நம்பியிருக்க முடியாது என்று நடுவர் குழுவே சொல்லியிருந்தது. பக்கத்தின் அடியில் 'இது கிண்டல்' என்று பொடி எழுத்தில் அச்சாகியும் இருந்தது. பத்திரிகையில் அந்த எழுத்து படத்தோடு ஒட்டியே இருக்கும். ஆடியோவில் நம் அறிவிப்பு தலைப்பக்கம் தனியாக நிற்கிறது, வெட்டினால் போச்சு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அப்போதைய அதிபர் பைடன் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக்கி, வாக்களிக்கப் போகாதீர்கள் என்று வாக்காளர்களுக்குப் போன் போனதே, அதற்கு ஏற்பாடு செய்தவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அது மோசடி, நாம் செய்தது வேடிக்கை, சரி. கேட்கிற காதுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது?

போட்டதை நீக்கிவிட்டோம். குழுக்களிலும் விளக்கம் எழுதினேன். துண்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் விட்டுவிட மனசில்லை. அவரைக் கிண்டல் செய்யத்தான் வேண்டும். அதனால் முழுதும் மாற்றி எழுதியிருக்கிறேன். அவர் பேச்சாக வருவது அவர் மேடையில் சொன்னதே, தேதியோடு. என் கற்பனையெல்லாம் சூழ்நிலையில் மட்டும்: மேகத்துக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கொடுக்கிறார், இடியிடம் கைதட்டல் கேட்கிறார். பத்து விநாடிக்கு ஒருமுறை வானிலை அறிவிப்பாளர் குறுக்கே வருகிறார்: 'ஐயா, அது புயல் ஐயா, மாநாடு இல்லை.' அடியில் மழைச் சத்தம் நிற்காமல் ஓடுகிறது. எங்கே வெட்டினாலும் நாடகம் என்று தெரிந்துவிடும்.

அந்த அறிவிப்பாளர் நீதான். கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வரையே நாற்காலியை விட்டு எழ வைத்தாயே, அந்த மூக்குக் குரல் வேண்டும். அதை இன்னும் மறக்கவில்லைதானே?

எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். எந்த வரியை சித்தப்பா நம்பிவிடுவார் என்று தோன்றுகிறதோ அதை அடித்து அனுப்பு, தயங்காதே. அடுத்த சனிக்கிழமை பதிவு. பாஸ்கரிடம் நான் கூப்பிட்டதாகச் சொல்லிவிடாதே. உன்னை அழைக்கிற யோசனை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
ரவி