சோலார் பேனல் அப்புறம், முதலில் பம்ப்பைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்திகரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோலார் பேனல் பொருத்திவிட்டால் நிலையம் பசுமையாகிவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பல இடங்களில் இன்றும் நடப்பது, நீரை இறைத்து, காற்றை ஊதியோ கரியில் வடிகட்டியோ நச்சைப் பிரிப்பதுதான். டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. கீழே இறங்கிக் களிமண்ணுக்குள் ஊறிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தொடக்கத்தில் நச்சளவு மளமளவென்று இறங்கும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பம்ப்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். ஆகவே பத்து, இருபது வருடம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். மோட்டாரும் காற்றை ஊதும் ப்ளோயருமோ முதல் வருட நச்சளவுக்குக் கணக்குப் போட்டு வாங்கியவை!

பம்ப் முழு வேகத்தில் ஓடும். வெளியேறும் குழாயின் வால்வை மட்டும் பாதி மூடியிருப்பார்கள். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது போலத்தான். வால்வைத் திறந்துவிட்டு மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் அதே அளவு தண்ணீர் வரும். மையவிலக்கு பம்ப்பின் மின்தேவை, வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) ஒட்டி மாறும். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் ஏறக்குறைய பாதி. ஆழத்திலிருந்து தூக்கும் பம்ப்பில் அவ்வளவு மிச்சமாகாது என்பது உண்மை. ப்ளோயரில் தாராளமாகக் கிடைக்கும்.

சரி, இறைக்கத்தான் வேண்டுமா? 1991-இல் கனடாவின் போர்டன் ராணுவத் தளத்தில் நீரோட்டத்துக்குக் குறுக்கே இரும்புத்துகள் கலந்த மணலை நிலத்துக்குள் சுவர் போல இறக்கிச் சோதித்தார்கள். நிலத்தடி நீர் தன் போக்கில் அதைக் கடக்கும்போது கரைப்பானிலுள்ள குளோரினை இரும்பு கழற்றிவிடுகிறது. ஓட்டுவதற்கு மின்சாரமே தேவையில்லை. எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. மாசு மிக ஆழத்தில் இருந்தால் சுவர் இறக்குவது கடினம், நாளடைவில் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். மறுபக்கம், மண்ணையே மின்சாரத்தால் சூடாக்கி நச்சை ஆவியாக்கும் முறை யூனிட்டை விழுங்கும். ஆனால் வேலை சில மாதங்களில் முடிந்துவிடலாம். அதை இருபது வருடப் பம்ப்போடு கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஒதுக்குவது சரியல்ல.

மின்சாரம் மிச்சம் என்று சொல்லி, குடிநீர்க் கிணறுகளை நோக்கி நகரும் மாசைத் தடுக்கும் பம்ப்பை அணைத்துவிடக் கூடாது. அதில் பேரமே இல்லை.

நிலைத்தன்மையுள்ள (sustainable) சுத்திகரிப்புக்கு 2017-இல் ஐ.எஸ்.ஓ 18504 என்ற சர்வதேசத் தரநிலையே வந்துவிட்டது. ஆனாலும் நான் பார்த்த மாத அறிக்கைகளில் எத்தனை லிட்டர் இறைத்தோம், நச்சளவு என்ன என்பதோடு சரி. ஒரு கிலோ நச்சை அகற்ற எத்தனை யூனிட் செலவானது என்ற வரி இருந்ததில்லை. டெண்டரிலேயே அதைக் கேட்கச் சொல்லி உங்கள் இதழ் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
சுத்திகரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்