பெரிய ஆக்சில் மாட்டுறதுக்கு முன்னாடி புஷ்ஷைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பயணப் பக்கத்துல ட்ராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வண்டி குலுங்குதுன்னா பேசாம ஆக்சிலை, அதாவது ரெண்டு பக்கச் சக்கரத்தையும் தாங்குற குறுக்குக் குழாயை, பெரிசா பார்த்து மாத்திடுங்கன்னு எழுதியிருக்காங்களே, அதத்தான் என்னால ஒத்துக்க முடியல. காசும் போகும், குலுக்கலும் போகாது.

லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா இருக்கிற ஸ்பிரிங்) வச்ச ரெண்டு ஆக்சில் ட்ரெய்லர்னா முதல்ல பார்க்க வேண்டியது ஸ்பிரிங் நுனியைப் புடிச்சிருக்கிற ஷேக்கிள் தகடு, அப்புறம் ரெண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஆடி பாரத்தைப் பிரிச்சுக் குடுக்குற ஈக்வலைசர். கம்பெனியிலேர்ந்து வரும்போது இந்த போல்ட்டெல்லாம் போற ஓட்டைக்குள்ள நிறைய வண்டில நைலான் புஷ்தான் (தேய்மானத்தைத் தாங்குற சின்னக் குழாய்) போட்டு அனுப்புறாங்க, அதுக்கு கிரீஸ் வைக்கவும் வழி கிடையாது, அது தேஞ்சு முடிஞ்சதும் போல்ட்டு நேரா இரும்பையே தின்ன ஆரம்பிச்சுடும், உருண்டையா இருந்த ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போய் ஆக்சில் முன்னயும் பின்னயும் நகர ஆரம்பிக்கும். இதுக்கு வெண்கல புஷ், உள்ள கிரீஸ் போக வழி இருக்கிற போல்ட், கொஞ்சம் தடியான ஷேக்கிள் தகடு, இவ்வளவுதான் வேணும். ஒண்ணே ஒண்ணு, அந்த போல்ட்டோட தலைக்குக் கீழ பல்லு பல்லா இருக்கும், அடிச்சு உள்ள இறக்கிட்டு நட்டைத்தான் திருப்பணும், தலையைப் புடிச்சுத் திருப்புனா ஓட்டை போச்சு. வெண்கலம் போட்டுட்டோம்ல இனிமே கவலையில்லன்னு கிரீஸ் வைக்காம விட்டா அதுவும் தேயத்தான் செய்யும்.

அடுத்து டயர். உள்பக்கம் மட்டும் தேயுதுன்னா ஆக்சில் குழாய் வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். நிறைய ஆக்சில்ல குழாயை நடுவுல லேசா மேல தூக்கியே செஞ்சிருப்பாங்க, பாரம் ஏறுனதும் நேரா வரணும்னு. ஓவர்லோடோ பெரிய பள்ளமோ அந்த வளைவைக் கெடுத்துடும். ஸ்பிரிங்கைத் தாங்குற ஹேங்கர், சேஸ்ல (வண்டியோட அடிச்சட்டத்துல) வெல்டிங் ஆன இடத்துல விரிசல் இருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க, அங்க விட்டுப்போச்சுன்னா எந்த ஆக்சில் மாட்டியும் புண்ணியமில்ல.

ரப்பர் டார்ஷன் ஆக்சில் கதை வேற. சதுரக் குழாய்க்குள்ள இருக்கிற ரப்பர்தான் அங்க ஸ்பிரிங், அது வயசாகி வண்டி தாழ்ந்துடுச்சுன்னா ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது, முழு ஆக்சிலையும் மாத்த வேண்டியதுதான். அந்தக் குழாய்ல வெல்டிங் வைக்கிறேன்னு யாராவது வந்தா விடாதீங்க, சூட்டுல உள்ள இருக்கிற ரப்பர் போயிடும்.

இப்ப பெரிய ஆக்சில் விஷயத்துக்கு வரேன். 3500 பவுண்ட், அதாவது சுமார் 1590 கிலோ தாங்குற ஆக்சிலைக் கழட்டிட்டு 5200 பவுண்ட் ஆக்சில் போட்டா அவ்வளவு கூடுதலா ஏத்தலாம்னு கட்டுரையில ஒரு வரி இருக்கு. ஏத்தக் கூடாதுங்க! வண்டியில ஒட்டியிருக்கிற தகட்டுல போட்ட மொத்த எடைதான் கணக்கு, ஏன்னா சேஸ், காரோட இணைக்கிற கப்ளர், வீல், டயர் எல்லாம் பழசேதானே, அதுல எது பலவீனமோ அதுதான் முதல்ல விடும். தேவைக்கு மேல விறைப்பான ஸ்பிரிங் வளையவே வளையாது, ரோட்டுல வாங்குற அடியெல்லாம் நேரா உள்ள போய் அலமாரி ஸ்க்ரூ ஒவ்வொண்ணா கழண்டு விழும். முதல்ல சாமான், தண்ணி எல்லாம் ஏத்தி எடை மேடையில நிறுத்துங்க, ஆக்சில் மேல எவ்வளவு விழுதுன்னு தெரிஞ்சாத்தான் மாத்தணுமா வேணாமான்னே பேச முடியும். மாத்தித்தான் ஆகணும்னா சக்கரம் மாட்டுற ஹப் முகத்துலேர்ந்து அடுத்த பக்க ஹப் முகம் வரைக்கும், ஸ்பிரிங் நடுவுலேர்ந்து நடு வரைக்கும் அளந்து ஆர்டர் பண்ணுங்க, ஆக்சிலை ஸ்பிரிங்கோட சேர்த்துப் புடிக்கிற பழைய யூ போல்ட்டை திரும்ப மாட்டாதீங்க, வீல் நட்டை முதல் 80 கிலோமீட்டருக்குள்ள ரெண்டு மூணு தடவை டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கத்தைக் காட்டுற ஸ்பேனர்) வச்சு செக் பண்ணுங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. கட்டுரையோட போட்ட படத்துல ஆக்சில் குழாய்க்கு நட்டநடுவுல ஜாக்கி வச்சுத் தூக்குறாங்க. அப்படித் தூக்குனா குழாய் வளைஞ்சிடும், தயாரிப்பாளர் சொல்ற இடத்துல, பெரும்பாலும் சேஸ்லதான் வைக்கணும். இணையப் பதிப்புல அந்தப் படத்தை மட்டுமாவது மாத்திடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்