சாண்ட்விச்சால் வந்ததல்ல உலகப் போர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதையைச் சென்ற இதழில் அருமையாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கூடவே வந்த அந்தப் பெட்டிச் செய்தி? போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்ற செர்பிய இளைஞன் பிரின்சிப், சாண்ட்விச் வாங்கப் போன இடத்தில் அவருடைய கார் வந்து நின்றதாம், அதனால் முதல் உலகப் போர் மூண்டதாம். வாட்ஸ்அப்பில் ஓடுகிற சரக்கு உங்கள் பத்திரிகையிலும் ஏறிவிட்டதே!

நடந்தது இது. 1914 ஜூன் 28 காலை இளவரசரைக் குறிவைத்து வீசிய வெடிகுண்டு பின்னால் வந்த காரைத்தான் தாக்கியது. அதில் காயம்பட்டவரை மருத்துவமனையில் பார்க்க இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கிளம்பினார். பாதை மாறியதை டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படியே லத்தீன் பாலத்தருகே வலப்பக்கம் திருப்ப, காரிலிருந்த ஆளுநர் சத்தம் போட, வண்டி நின்றது. பிரின்சிப் அங்கே நின்றதற்குக் காரணம், முன்பே அறிவித்த பாதை அதுதான் என்பதே. பசி அல்ல.

சரி, இது சில்லறை விஷயம். போருக்கு உண்மையில் எது காரணம் என்று இணையத்தில் நடக்கும் பெரிய சண்டை வேறு. 'கூட்டணிகள்தான் காரணம், ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்கியாக வேண்டும்' என்கிறது ஒரு தரப்பு. ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்த இத்தாலி 1914-ல் இறங்கவே இல்லையே? 1915-ல் இறங்கியதும் எதிரணியில்! இன்னொரு தரப்பு, காலனிக்கும் சந்தைக்கும் நடந்த போட்டி என்கிறது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மொராக்கோவுக்காக 1905-லும் 1911-லும் முட்டிக்கொண்டவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பாக்தாத் ரயில் பாதை விவகாரத்தில் பிரிட்டனும் ஜெர்மனியும் உடன்பாட்டுக்கு வந்ததே 1914 ஜூனில்தான். 1911-ல் வராத போர் 1914-ல் ஏன் வந்தது என்று கேட்டால் இரண்டு தரப்புமே பேச்சை மாற்றுகின்றன.

என்னைக் கேட்டால், ஜூலை மாதத்தைப் பாருங்கள் என்பேன். ஜூலை 5 அன்று, என்ன ஆனாலும் துணை நிற்போம் என்று ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் ஆஸ்திரியத் தூதரிடம் வாக்குக் கொடுக்கிறார். 23-ஆம் தேதி வியன்னா, அதாவது ஆஸ்திரிய அரசு, கொலைக்குப் பழியைச் செர்பியா மேல் போட்டு, கோரிக்கைப் பட்டியலோடு 48 மணி நேரக் கெடு வைக்கிறது. அதுவும் ரஷ்யாவுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஜனாதிபதி ஊர் திரும்பக் கப்பலேறும் நேரம் பார்த்து. இரண்டு நாடும் உட்கார்ந்து கலந்து பேசிவிடக் கூடாதாம். செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளுக்குத் தலையாட்டியது. அந்தப் பதிலை 28-ஆம் தேதி படித்த கெய்சரே, இனிப் போருக்குக் காரணம் இல்லை என்று குறிப்பு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தியில் போர் அறிவித்தது. செர்பியாவுக்கு ஆதரவாக நின்ற ரஷ்யாவின் மன்னர் ஜார், 29 இரவு பொதுப் படைதிரட்டலை நிறுத்தச் சொன்னார். மறுநாளே வெளியுறவு அமைச்சர் சசோனவ் அவரிடம் பேசிப் பேசி மறுபடி உத்தரவு வாங்கிவிட்டார்.

வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் இருந்தது, அவகாசமும் இருந்தது. அதனால், 'யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பழி அதிகம் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும்தான். அதற்காக ரஷ்யாவைக் கழுவிவிடவும் முடியாது.

இன்னொன்று. அந்தக் காலத்துத் தந்திகளை ஆதாரமாகத் தூக்கிப் போடுபவர்கள், அவற்றை முதலில் அச்சிட்டது யார் என்றும் பார்க்க வேண்டும். போர் தொடங்கியதும் ஜெர்மனி வெள்ளைப் புத்தகம், ரஷ்யா ஆரஞ்சுப் புத்தகம், பிரான்ஸ் மஞ்சள் புத்தகம் என்று ஆளாளுக்குத் தங்கள் கட்சிக்குச் சாதகமானதைப் பொறுக்கிப் போட்டார்கள். ரஷ்யப் படைதிரட்டல் பற்றிய ஒரு தந்தி, ஆஸ்திரியா முந்திக்கொண்டதாகத் தோன்றும்படி மஞ்சள் புத்தகத்தில் திருத்தப்பட்டிருந்தது பிற்பாடு அம்பலமானது. இந்த வண்ணப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை வேண்டும். உங்கள் இதழே அதைச் செய்யலாமே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி